கேரவனில் பொங்கிய மாவு

கொங்கண் கடற்கரைக்குப் போக வாடகைக்கு எடுத்த கேரவனில் சாப்பாட்டுச் சாமான் அடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கனமானவை கீழே, மிளகாய்ப்பொடி மாதிரி டப்பாக்கள் மேல்தட்டில், தயிரும் மீன் குழம்பும் குட்டி ஃப்ரிட்ஜில் என்பது என் திட்டம். தாராவியிலிருந்து கிளம்பும் நேரத்தில் என் மனைவி ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய இட்லி மாவைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜை அடைத்துவிட்டாள்.

"போற எடத்துல சோறே கிடைக்காதாக்கும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"சோறு கிடைக்கும். இட்லி கிடைக்குமா?" என்றாள்.

இரவு வண்டியை அணைத்துவிட்டுத் தூங்கினோம். இஞ்சின் ஓடினால்தான் அந்த ஃப்ரிட்ஜ் ஓடும் என்று எங்களுக்குத் தெரியாது. காலையில் பார்த்தால், மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி என் மீன் குழம்பு வரைக்கும் வழிந்து கிடந்தது. நான் கத்த வாயெடுத்தேன். அவள் மாவை விரலால் தொட்டுப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"நம்ம வீட்டுல ஒரு நாளாவது இப்படிப் பொங்கியிருக்கா?"

வழிந்த மாவை நான் துடைத்து முடிப்பதற்குள் இட்லி வெந்து தட்டுக்கு வந்துவிட்டது. என் திட்டத்தில் மிஞ்சியது மேல்தட்டு மிளகாய்ப்பொடி மட்டும்தான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஏழாவது இட்லி கேட்டேன்.