சாப்பாட்டுப் பெட்டியில் பனி

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. ஹனோவரில் நான்கு பாகை, விடாத தூறல். சன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியை இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. மேல்மாடி ஸ்பானியக்காரர் கையில் தொலைபேசியோடு நின்றார். எண்பத்தொரு வயது, என்னைவிட ஐந்து மூப்பு. டயர் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்.

"ப்ரொஃபெசோர், நீ இங்கிலிஷ் படிச்சனிதானே?"

நான் பேராசிரியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவன். கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் பத்திரிகை படிப்பதால் அவர் எனக்கு வைத்த பட்டம் அது. நான் அவரை 'அண்ணை' என்பேன். எங்களுக்குள் ஓடியது ஜேர்மன், இரண்டு பேருடையதும் ஓட்டை ஜேர்மன். அதை இங்கே எனக்குத் தெரிந்த பேச்சில்தான் எழுத முடிகிறது.

அவருக்கு ஒரே மகன். இங்கிலாந்தில் கலியாணம் செய்து, அங்கேயே புற்றுநோயில் போய்விட்டான். பேத்திக்குப் பதினொரு வயது. அவளுக்கும் தாய்க்கும் ஆங்கிலம் மட்டும்தான். மகன் இருந்தவரை தொலைபேசியில் இரண்டு பக்கமும் அவன் மொழிபெயர்த்தான். இப்போது ஞாயிறு தோறும் பிள்ளை திரையில் வருவாள், இவர் "குட், குட்" என்பார். பிறகு இருவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"சிரிக்கேக்க அவள் அவன்தான்," என்றார். "ஈஸ்டருக்கு வருகினம். தேப்பனைப் பற்றி அவளுக்கு நான் ஒரு கதை சொல்ல வேணும். நடுவில ஒருத்தரும் வேண்டாம், என்ர வாயால சொல்ல வேணும். ஒரு கதை காணும்."

ஸ்பானிய மொழிக்காரருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலப் பாடப்புத்தகம் ஒன்றைக் கடையில் சொல்லி எடுப்பித்தேன். விளக்கம் எல்லாம் ஸ்பானியத்தில், பயிற்சிகள் ஆங்கிலத்தில், கடைசியில் இரண்டு மொழியிலும் சொற்பட்டியல். பதினெட்டுப் பாடங்கள். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் குசினி மேசையில் வகுப்பு.

அவர் ஸ்கூல் என்பதை 'எஸ்கூல்' என்றார். நான் திருத்தினேன். அடுப்படியில் நின்ற என் மனைவி திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் மட்டும் என்னவாம்? வாய்க்கு வாய் இஸ்கூல், இஸ்கூல். அவர் 'எ' போடுறார், நீங்கள் 'இ' போடுறியள்."

அவள் சிரித்ததற்குக் காரணம் கேட்டார். சொன்னேன். மேசையில் தட்டிச் சிரித்தார். "ப்ரொஃபெசோர், உன்ர மனிசியின்ர தேத்தண்ணி முதலாந்தரம். உன்ர பாடம் மூண்டாந்தரம்."

எழுவாயை விழுங்கிவிடுவார். 'நல்லாப் பெய்யுது' என்று நாங்கள் சொல்வதுபோல அவரும் ஆங்கிலத்தில் பெய்வது எது என்று சொல்லாமலே பெய்யவிட்டார். வயது என்பது அவருடைய மொழியில் ஒருவர் வைத்திருக்கும் பொருள். அதனால் 'என் மகனிடம் ஏழு வருடங்கள் இருக்கின்றன' என்ற வசனத்தை நான் எத்தனை தரம் சிவப்பால் வெட்டினாலும் அடுத்த வெள்ளி அப்படியே திரும்பி வந்தது. எனக்குக் கோபம் வரும். அவர் என் சிவப்புப் பேனையைப் பறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

கதை இதுதான். ஒரு குளிர்காலம். மகனுக்கு ஏழு வயது. முதல் பனி விழுகிறது. ஸ்பெயினில் இருக்கிற தன் அப்பம்மா பனியே கண்டதில்லை என்று, தகப்பனின் சாப்பாட்டுப் பெட்டி நிறையப் பனியை அடைத்துக்கொண்டு தனியாகத் தபாற்கந்தோருக்குப் போகிறான். அங்கேயிருந்த பெண் அதைத் தராசில் வைத்து நிறுக்கிறாள். "போய்ச் சேருமுன் தண்ணியாகிவிடுமே," என்கிறாள். பையன் யோசிக்கிறான். "பரவாயில்லை, அப்பம்மா தண்ணி குடிப்பா."

இந்த இடத்தில் அவர் நிறுத்துவார். "இதில அவள் சிரிக்க வேணும்," என்பார். ஜனவரி முழுவதும், பெப்ரவரி முழுவதும் அதைச் சொன்னார். மார்ச் முதல் வாரத்தில், பாடப்புத்தகத்தின் ஓரங்களில் தன் கையால் எழுதிவைத்திருந்ததைப் பாராமல் முதலில் இருந்து முடிவு வரை சொன்னார். நான்கு பிழை. என் மனைவி கை தட்டினாள்.

ஈஸ்டருக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது.

வைத்தியசாலையில் என்னை அடையாளம் கண்டார், கையைப் பிடித்தார். ஆனால் ஜேர்மன் இல்லை. இத்தனை வருடம் வேலைத்தலத்தில் ஏசியதும் கடையில் பேரம் பேசியதும் அந்த மொழியில்தான், அது துடைத்ததுபோலப் போயிருந்தது. நாங்கள் கட்டிய ஆங்கிலமும் போயிருந்தது. ஸ்பானியச் சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன. நான் பாடப்புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்துச் சொற்பட்டியலை மறுபக்கமாக, ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குப் படிக்கத் தொடங்கினேன். தண்ணீர், குளிர், தலையணை எல்லாம் அதில் இருந்தன. 'பயப்படாதையுங்கோ' இருக்கவில்லை.

பேத்தியும் தாயும் விமானச் சீட்டை மாற்றி உடனே வந்தார்கள். பிள்ளை கட்டில் ஓரத்தில் நின்றாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு "நியேவே," என்றார். திரும்பவும், "நியேவே." என்னைப் பார்த்தார்.

"தாத்தாவுக்கு என்ன வேணும்?" என்று பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பட்டியலைப் புரட்டினேன். கண்ணாடி மங்கியது. நியேவே: பனி.

கதிரையில் இருந்துகொண்டு அந்தக் கதையை நானே சொன்னேன். சரியான ஆங்கிலத்தில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்னால் ஏலாமல் போய்விட்டது. எனக்குப் பாடமாயிருந்தது அவருடைய வசனங்கள். எழுவாய் இல்லாத குளிர்காலம், ஏழு வருடங்களை வைத்திருக்கிற மகன், எல்லாம் அப்படியே வந்தன. அவர் நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்தினேன்.

"பரவாயில்லை, அப்பம்மா தண்ணி குடிப்பா."

பிள்ளை சிரித்தாள். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை, தாய் துடைத்துவிட்டாள்.

"தாத்தா இப்பிடித்தான் இங்கிலிஷ் கதைப்பாரா?" என்றாள் பிள்ளை.

"ஓம், இப்பிடித்தான்."

"எனக்கு ஒருக்காலும் கேட்கக் கிடைக்கேல்லை."

போகும்போது, அவர் கையால் எழுதிய அந்தப் புத்தகம் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. இன்னும் ஏழு பாடங்கள் இருக்கின்றன, தாத்தா எழும்பியதும் படிக்க வேணும் என்றேன். அவளும் தலையாட்டினாள். அவர் எழும்பவில்லை. ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

செவ்வாயும் வெள்ளியும் என் மனைவி இன்னமும் மூன்று கோப்பை எடுக்கிறாள். எடுத்ததும் ஒன்றைத் திரும்ப வைக்கிறாள்.

மே மாதம் தபாற்கந்தோருக்குப் போனேன். இங்கிலாந்துக்கு அனுப்புவதென்றால் இப்போது சுங்கத்துக்கு உள்ளே இருப்பதையும் அதன் பெறுமதியையும் சொல்ல வேண்டும். இளம் பெண் ஒருத்தி புத்தகத்தைத் தராசில் வைத்தாள். பெறுமதி எவ்வளவு என்று கேட்டாள். தெரியாது என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது.

"அப்ப வாங்கின விலையைப் போடுவம்."

புத்தகம் இருபத்துநான்கு யூரோ தொண்ணூறு. தபாற்கூலி பதினேழு யூரோ நாற்பத்தொன்பது. பழைய எழுதுவினைஞர் பழக்கத்தில் கூட்டினேன்: எல்லாமாக நாற்பத்திரண்டு யூரோ முப்பத்தொன்பது சதம்.