மொட்டு கிள்ளியவர்

அந்தத் தெருவில் லிஃப்ட் மெக்கானிக் என்றால் அவர் ஒருவர்தான். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, கம்பிக் கயிற்றைத் துணியால் தடவி, எங்காவது இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற ஆள். கீழே எட்டிப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். அவருக்குக் கொட்டாவி வரும். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டுக் கொல்லையில் ஒற்றைத் தேனீயைக் கண்டால் வெலவெலத்துப் போவார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவியின் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கொடுக்கைப் பிடுங்கினார். பிடுங்கி முடிப்பதற்குள் அவளுடைய உதடு வீங்கி, பேச்சு நின்று, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் விட்டார். அடுத்த கொட்டு இதைவிட மோசமாகலாம் என்றும், கொட்டியதும் போட்டுக்கொள்ள, பேனா மாதிரி இருக்கும் மருந்து ஊசி ஒன்றை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். மறுநாளே மெக்கானிக் ஆள் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கிய தேன்கூட்டைக் கொளுத்தினார். கருகி விழுந்த தேனீக்களையெல்லாம் கணவனும் மனைவியுமாகப் பெருக்கி அள்ளினார்கள். ஒரு வாளி நிறைந்தது.

மனைவி தையற்காரி. அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள்தான். வேலியில் படர்ந்த பூசணிக்கொடி அந்த வருடமும் அடுத்த வருடமும் பூத்துக் கொட்டியது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. மகரந்தம் சேர்க்கத் தேனீ இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

கொல்லையில் தொட்டி வழிகிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் தேங்கி, வருடம் முழுக்கச் சதசதவென்று கிடக்கும் மூலை ஒன்று உண்டு. ரோஜா வைத்துப் பார்த்தார்கள், வேர் அழுகியது. மிளகாய்க்கும் அதே கதிதான். இந்த வருடம் மழை விட்டதும் அவள் வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்த கரிசலாங்கண்ணியையும் பொடுதலையையும் நீர்முள்ளியையும் வேர்மண்ணோடு தோண்டிவந்து அங்கே நட்டாள். ஈரத்திலேயே பிறந்த செடிகளுக்கு அந்தச் சேறு சொந்த வீடு. ஒரே மாதத்தில் மொட்டு கட்டிவிட்டன.

"இது எதுக்கு?" என்று கேட்டார் அவர்.

"தேனீ வரட்டும்னுதான்" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், டாக்டர் சொன்னதை ஒன்றுக்கு நான்காகச் சொல்லியும் பார்த்தார். அவள் பிடிகொடுக்கவில்லை. பிடுங்கி எறிந்துவிடலாம், ஆனால் பிறகு அவள் முகத்தில் விழிக்க வேண்டுமே, அந்தப் பயம் வேறு.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். விடிந்தும் விடியாததுமாக எழுந்து, அவளுடைய நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு போய், மொட்டு கட்டிய நுனிகளை ஒன்று விடாமல் நறுக்கிவிடுவார். பூ இல்லாவிட்டால் தேனீக்கு இங்கே என்ன வேலை? நீர்முள்ளியின் முள் கையைக் கிழித்தது. மனைவி கேட்டதற்குக் கம்பிக் கயிறு கீறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

ஆனால் வேலை குறைகிற வழியாக இல்லை. இன்றைக்கு நறுக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே சில நாளில் இரண்டு கிளை வரும், இரண்டிலும் மொட்டு நிற்கும். லிஃப்டில் ஒரு பாகத்தைக் கழற்றினால் கழன்றதுதான், இரண்டாக முளைத்து வந்து நிற்காது. செடி விஷயம் அவருக்குப் பிடிபடவே இல்லை. இன்னும் சீக்கிரம் எழுந்தார். தூக்கத்தில் ரீங்காரம் கேட்டு, அவளுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு கட்டடத்தில் மோட்டார் பழுதாகி, இரண்டு நாள் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் காலை வீட்டுக்குள் நுழைந்தபோது தையல் மெஷின் சத்தம் இல்லை. கூப்பிட்டார், பதில் இல்லை. பையைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார்.

மூலை முழுக்க வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது. நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றித் தேனீக்கள் மொய்த்தன. அவர் தோளிலிருந்த துண்டை உருவி வீசிக்கொண்டே பாய்ந்தார்.

"துண்டைக் கீழே போடுங்க. வீசினாத்தான் கொட்டும்."

அவர் கணுக்கால் அளவு சேற்றில் அப்படியே நின்றார். ஒரு தேனீ அவள் புறங்கையில் உட்கார்ந்து, நடந்து, பறந்து போனது.

"கத்தரியில பச்சைக் கறை பார்த்த அன்னைக்கே தெரியும்" என்றாள். "கிள்ளக் கிள்ளத்தான் செடி தழைக்கும். நான் செய்ய வேண்டிய வேலையை நீங்க செஞ்சீங்க. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லலை."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

"எனக்கு மட்டும் பயமில்லையா? மூணு வருஷமா ஜன்னலைக் கூடத் திறக்கலை." அவள் சாய்ந்திருந்த ஒரு கிளையை நிமிர்த்தினாள். "என்னைக் கொட்டினது ஒண்ணு. நாம எரிச்சது ஒரு வாளிங்க."

பிறகு இடுப்பில் செருகியிருந்த பேனா ஊசியை எடுத்து அவரிடம் நீட்டி, பூசணிப் பூவில் பிஞ்சு பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அவர் வாங்கியதும் முதலில் அதன் காலாவதித் தேதியைப் பார்த்தார். பிறகு அதைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் வேலி வரை போய்த் திரும்புகிற வரைக்கும், அந்தச் சேற்றிலேயே நின்றார்.