ரசம் ஊற்றுவதற்குள் எழுந்தவர்

தொண்ணூறுகளில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஓடாத படங்களின் வீடியோ கேசட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பேன். ஓடிய படத்தை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், அதில் என்ன பெருமை? கோயமுத்தூரில் என்னைப் போல இன்னும் சில பைத்தியங்கள் உண்டு.

எங்கள் எல்லோருக்கும் ஒரு குடும்பப் படத்தின் மேல் கண். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, ஆளாளுக்கு அழுகை. வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போன படம். ஆனால் அதில் ஒரு பந்திக் காட்சி. அண்ணன் கோபமாக இலையை விட்டு எழுவார். வசனம் பேச வாயெடுப்பதற்குள், நடிகையே அல்லாத ஓர் அம்மாள் ரசப் பாத்திரத்தோடு குறுக்கே வந்து அவர் தோளை அழுத்துவார். "ரசம் ஊத்தறதுக்குள்ள எங்கீங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க." நடிகர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லையோ என்னவோ, அப்படியே விட்டுவிட்டார்கள்.

காரமடையில் மூடப்போன ஒரு வீடியோ கடையில் அது எனக்குச் சிக்கியது. மற்றவர்களுக்கு ஒரே வயிற்றெரிச்சல். டேப் நைந்திருந்ததால் ஒரே தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டி வைத்தேன். அன்று கூட இருந்த, மில்லில் வேலை பார்க்கும் நண்பர், "அட, இது எங்க சோமனூர்ப் பெரியம்மாளுங்க" என்றார். படப்பிடிப்பு அவர்கள் வீட்டில்தானாம். இலை போட்டுப் பொய்ச் சோறா என்று பெரியம்மா எல்லோருக்கும் நிஜமாகவே சமைத்துவிட்டாராம். படத்தை மட்டும் அவர் பார்த்ததில்லை. தறி வேலையை விட்டுக் கிளம்புவதற்குள் தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

இன்னொரு முறை ஓட்டினால் டேப் தாங்காது. பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் எனக்குள்ளேயே சண்டை. சே, பெட்டிக்குள் வைத்துப் பூஜை செய்யவா வாங்கினேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேசட்டோடு சோமனூர் பஸ் ஏறினேன்.

அக்கம்பக்கமெல்லாம் பெரியம்மா வீட்டு டிவி முன்னால் கூடியது. திரையில் பெரியம்மா தோளை அழுத்தினார். நடிகர் உட்கார்ந்தார். அத்தோடு வீடியோ டெக் கரகரவென்று டேப்பை மென்று தின்றுவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கூட்டுப் பந்தியில ஒருத்தர் பசியோட எந்திரிச்சுப் போனாருன்னு படத்துல மாத்திப்போட்டாங்களோன்னு இருந்துச்சுங்க. உக்காந்துட்டாரு. அது போதுங்க" என்றார்.

பிறகு இலை போட்டார்கள். கசங்கிய டேப்பை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்தேன். தோளில் ஒரு கை அழுத்தியது.

"ரசம் ஊத்தறதுக்குள்ள எங்கீங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்த நடிகருக்கு வசனம் ஏன் மறந்தது என்று அப்போது தெரிந்தது. ரச வாசனை அப்படி.