பூஜையில் வைத்த சர்வர்

2025 அக்டோபர் 1, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். விடியற்காலை மழை நின்று, மும்பை செம்பூர் மேல் வானம் வெள்ளையாக மூடியிருந்தது. காற்று இல்லை. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது ஜன்னலோர மேஜையில் கம்ப்யூட்டரைக் காணோம். ஒயர்கள் மட்டும் தரையில் கிடந்தன. கூடத்தில் என் மனைவி அதைப் பலகைமேல் நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள்.

“பிளக்கைப் பிடுங்கினியா?”

“பின்ன? ஓடிண்டே இருக்கறதுக்கு எப்படிப் பொட்டு வைக்கறது?”

அன்று சரஸ்வதி பூஜை. புத்தகங்கள், என் பேனா, அவளுடைய அரிவாள்மணை, தையல் கத்தரி எல்லாம் ஏற்கெனவே பலகையில் ஏறியிருந்தன.

“அது ஆயுதம் இல்லை” என்றேன்.

“காலம்பர எழுந்தா அது முன்னாடிதானே உக்காந்துண்டிருக்கேள்? உங்களுக்கு வேற என்ன ஆயுதம் இருக்கு?”

இரண்டு செங்கல் அளவுள்ள அந்தப் பெட்டி சாதாரணக் கம்ப்யூட்டர் அல்ல. ஒரு விளையாட்டின் சர்வர். கட்டை கட்டையாக அடுக்கி வீடும் பாலமும் கட்டும் விளையாட்டு அது. பலர் சேர்ந்து ஒரே உலகத்தில் ஆட வேண்டுமானால், அந்த உலகத்தை ஒரு மெஷின் ராப்பகலாகத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தாங்கிய உலகத்தில் இரண்டே பேர்: கனடாவில் இருக்கும் பெரிய மகன், பெங்களூரில் இருக்கும் சின்னவன். பெரியவனுக்கு வயது நாற்பத்து நான்கு, சின்னவனுக்கு நாற்பத்தொன்று.

இருவருக்கும் பேச்சு கிடையாது. மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது, இவன் வருவான் என்று அவனும், அவன் வருவான் என்று இவனும் இருந்துவிட்டார்கள். யாரும் வரவில்லை. பிறகு ஒருவன் ஒரு வார்த்தை சொன்னான், மற்றவன் இரண்டு சொன்னான். அத்தோடு நின்றது.

சர்வர் யோசனை சின்னவனுடையது. மாத வாடகைக்கு எடுப்பதைவிட வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றான். எனக்கும் பொழுது போகவில்லை. தாராவியில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்த்து விற்கும் திருநெல்வேலி பாய் ஒருவரிடம் வாங்கினேன். நிறுவிப் பழகப் பதினோரு நாள் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பெரியவனும் அனுமதி கேட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தேன்.

யார் வந்தார்கள், எப்போது போனார்கள், என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதெல்லாம் சர்வரின் திரையில் வரிவரியாக ஓடும். நான் படிப்பேன். “இரும்பு இருக்கா?” “பெட்டியில வெச்சிருக்கேன்.” “கிழக்குப் பக்கம் பள்ளம்.” “பாத்தேன்.” இதற்குமேல் ஒரு சொல் இருக்காது. ஆனால் அந்த உலகத்துக்குள் ஒருவன் துறைமுகத்திலிருந்தும் மற்றவன் மலையிலிருந்தும் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை பெரியவன் எழுதியிருந்தான்: “வியாழன் காலை ஆறரை, உங்க நேரம். சேர்த்துடலாம்.” சின்னவன், “சரி.”

இதை மனைவியிடம் நான் சொல்லவே இல்லை. தெரிந்தால் அன்றே இருவருக்கும் போன் போட்டு அழுவாள். அவர்கள் அங்கே வருவதையும் நிறுத்திவிடுவார்கள்.

புதன் காலை எட்டரைக்குச் சின்னவனிடமிருந்து போனில் குரல் செய்தி: கேமில் புது வெர்ஷன் வந்துவிட்டது, அவன் பக்கம் தானாக மாறிவிட்டது, நாளைக் காலைக்குள் சர்வரையும் மாற்ற வேண்டும். ஒன்பது மணிக்குப் பெரியவனிடமிருந்தும் அதே செய்தி, அவன் குரலில், தனியாக.

மாற்றுவது பெரிய வேலையல்ல. சர்வரை முறைப்படி நிறுத்த வேண்டும். அப்போதுதான் உலகத்தை முழுதாக எழுதி மூடும். பிறகு பழைய புரோகிராமுக்குப் பதில் புதியதை வைத்து மறுபடி ஓட்ட வேண்டும். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியாமல் எடுக்கக்கூடாது. அன்று ஒரு எழுத்து படிக்கவோ எழுதவோ கூடாது. எழுபத்தாறு வயதில் நானும் அதை மீறியதில்லை. அதைவிட, பிளக்கைப் பிடுங்கியதில் என்ன ஆயிற்றோ என்ற கவலை. சும்மா உட்கார முடியாமல் பஸ் ஏறித் தாராவிக்குப் போனேன்.

பாயின் கடையிலும் எல்லா மெஷின்களும் அணைந்திருந்தன. வேலையாட்கள் ஊர்க்காரர்கள், இந்துக்கள். ஸ்க்ரூட்ரைவர்களுக்கும் சால்டரிங் கருவிகளுக்கும் வரிசையாகக் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். பாய் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

“இன்னைக்கு நான் ஒரு ஆணியைத் தொட்டாலும் இவனுவ என்னையே வெளிய தள்ளிருவானுவ சார். என் கடையில நானே விருந்தாளி.”

“ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினா என்ன ஆகும் பாய்?”

“பத்துல எட்டு தடவ ஒண்ணும் ஆவாது.”

“மீதி ரெண்டு?”

“அதுக்குத்தான் யூபிஎஸ்னு ஒண்ணு வித்துக்கிட்டிருக்கோம். கரண்ட் போனாலும் அரைமணி நேரம் தாங்கும்.”

“இன்னிக்கு விக்கலாமா?”

“வேலைக்குத்தான் லீவு. வியாபாரத்துக்கு யாரு சார் லீவு விட்டா?” ஒரு காகிதத்தில் எனக்கும் பொரி போட்டுக் கொடுத்தார். “மாமி இதையும் தூக்கிப் பூஜையில வச்சிரப் போறாங்க, பாத்துக்கிடுங்க.”

பாட்டரி கனம். டாக்ஸியில்தான் திரும்ப முடிந்தது.

சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன்: “நாளைக்குப் புனர்பூஜையை அஞ்சு மணிக்குப் பண்ண முடியுமா?”

“எதுக்கு? எட்டு மணிக்குப் பண்ணினா சரஸ்வதி கோச்சுக்கப் போறாளா?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு பேரும் பேசிக்கறாளா?”

“பேசலை. தண்டவாளம் போடறா.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமா.”

“எட்டு மாசமா எங்கிட்ட சொல்லலை” என்றாள். பிறகு, “நாலரைக்கு எழுப்புங்கோ” என்றாள். போன் எதையும் தொடவில்லை.

வியாழன் ஐந்தே காலுக்கெல்லாம் கற்பூரம் காட்டி, ஈரத் தலையோடு பெட்டியை என் கையில் கொடுத்தாள். காற்றுப் போகும் துளைகளில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தேன். புது புரோகிராமை இறக்கி வைத்து ஓட்டினேன். உலகம் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய நேரத்தில் பாதி எழுதிய ஃபைல் ஒன்று கெட்டுப்போயிருந்தது. நான்கு முறை முயன்றேன். பாய் சொன்ன பத்தில் இரண்டு இதுதான்.

ஞாயிறுதோறும் நான் எடுத்து வைக்கும் நகல் பென்டிரைவில் இருந்தது. அதைப் போட்டேன். ஆறு இருபதுக்குத் திறந்தது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை உலகம். திங்களும் செவ்வாயும் போட்ட தண்டவாளம் அதில் இல்லை.

எச்சரித்து ஒரு வரி எழுதுவதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள்.

பெரியவன்: “பாலத்துக்கு இந்தப் பக்கம் போட்டதெல்லாம் எங்கே?”

மறுபடியும் அவனே:

“யார் எடுத்தது?”

சின்னவன்: “நான் தொடலை. எப்பவும் நான்தானா?”

இந்த ‘எப்பவும்’ எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். சர்வரின் திரையில் தட்டினால் அது இருவருக்கும் தெரியும். அதுவரை நான் ஒரு எழுத்தும் தட்டியதில்லை. தட்டினால் நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் தெரிந்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தேன்: “யாரும் எடுக்கவில்லை. நேற்று சரஸ்வதி பூஜை. அம்மா பிளக்கைப் பிடுங்கிச் சர்வருக்குப் பொட்டு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நகல்தான் மிஞ்சியது. அப்பா.”

பின்னால் மனைவி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

“எம்மேலயே போட்டுட்டேளா?”

“நடந்தது அதுதானே?”

திரையில் ஒரு வரி வந்தது. பெரியவன்: “டேய், நிஜமாவே பொட்டு வெச்சிருப்பாளா?”

சின்னவன்: “சுண்டலும் நைவேத்யம் பண்ணியிருப்பா.”

நான் படித்ததும் அவள், “பண்ணினேனே” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவன் கேட்டான்: “அம்மா கால் இப்ப எப்படி?”

சின்னவன்: “மாடி ஏறறா. கீழ உக்காந்தா எழுந்துக்கத்தான் கஷ்டம்.”

“சரி. பாலத்துலேர்ந்து நீ போடு. நான் பள்ளத்துலேர்ந்து வரேன்.”

முன்பு இரண்டு நாளில் போட்டதைத் திரும்பப் போட அவர்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. அன்று காந்தி ஜயந்தி, சின்னவனுக்கு விடுமுறை. பெரியவன் அங்கே நள்ளிரவு வரை விழித்திருந்தான். ஒன்பதே காலுக்கு இரண்டு முனைகளும் சேர்ந்தன. மனைவி அதுவரை நாற்காலியைவிட்டு எழவில்லை. காப்பி நான்தான் போட்டேன்.

அந்தப் பொட்டுக்கு ஆன செலவு: பஸ் பதினைந்து, யூபிஎஸ் இரண்டாயிரத்து நானூறு, டாக்ஸி இருநூற்று முப்பது. ஆக இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து ரூபாய்.