மண் நிரப்பிய சட்டை

என் மடியில் ஒரு பழைய சட்டை கிடக்கிறது. சுற்றிலும் பன்னிரண்டு பைகள் வைத்து நானே தைத்தது. ஒரு பையில் மட்டும் ஓட்டை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் ஊட்டச்சத்துப் படிப்புப் பிரிவில் நான் ஆயா. அப்போதே பருத்த உடம்பு. "நோயாளியா நடிங்க, பிள்ளைக பேசிப் பழகட்டும்" என்று பெரிய டீச்சர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். நடிப்பு எனக்கு எங்கே வரும்? நிஜமாகவே குதிகாலில் ஆறாத புண் இருந்தது. ஆஸ்பத்திரியில் எடையைக் கத்திச் சொல்வார்களே என்று யாரிடமும் காட்டவில்லை. இங்கே சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் முதல் மாணவி கேட்டாள்: "ஆயாம்மா, தினமும் பால்கோவா எம்புட்டு உள்ள போகுது?" வகுப்பே சிரித்தது. எனக்குப் பால் வாடையே ஆகாது. புண் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

டீச்சர் அவளைத் திட்டவில்லை. என் எடையை அவளும் சுமந்து பார்க்கட்டும் என்று, மணல் நிரப்பப் பை வைத்த ஒரு சட்டையை என்னைத் தைக்கச் சொன்னார். எங்கள் ஊரில் மலிவாகக் கிடைப்பது பேண்டேஜ் துணி; அதிலேயே தைத்தேன். புண்ணுக்குக் கட்டும் துணி மணலைத் தாங்குமா என்று நான் யோசிக்கவில்லை. மறுவாரம் மணல் நிரப்பி அவளுக்கு மாட்டி, மேலே என் சேலையைச் சுற்றி, "ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் கால் கிலோ பால்கோவா வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

"ரெண்டு பேருக்கும் நாலு டிக்கெட் போடவாம்மா?" என்றார் கண்டக்டர். அவள் முகம் சிவந்துவிட்டது. கடைக்காரரோ, "இதுக்கு மேலயும் இனிப்பா?" என்று இழுத்தார். அந்த நேரம் பார்த்து அவள் சட்டையில் ஒரு பையின் இழை விட்டது. "அக்கா, ஒங்க மேலருந்து மண்ணு கொட்டுது!" என்று அவர் துள்ளிக் குதிக்க, நாங்கள் சிரித்துச் சிரித்துப் பால்கோவாவையே மறந்து வந்துவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டாள்: "எப்பவும் இப்படித்தான் பேசுவாகளா, ஆயாம்மா?"

"ஒனக்கு ஓட்டை விழுந்துருச்சு தாயி, கொட்டிரும். எனக்கு எங்க விழும்?" என்றேன். நானா அப்படிப் பேசினேன்! அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அதே நாற்காலி. இந்த முறை, "ஒங்களுக்கு என்ன செய்யுது, ஆயாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். நான் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எடை பார்த்த நர்ஸ் குரலை உயர்த்தியதும், "மெல்லச் சொல்லுங்க சிஸ்டர், எங்களுக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றாள். சர்க்கரை வியாதி என்றார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் கால் போயிருக்குமாம்.

இன்று அவளும் பெரிய டீச்சர். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டை வேண்டுமென்று போனில் கேட்டாள். இந்தக் காலோடு நானே நடந்து போய் மணல் அள்ளி வந்து, பைகளை நிரப்பித் தைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை; மண் கொட்டினால்தானே அந்தப் பிள்ளைகளுக்கும் கேட்கத் தோன்றும்.