மீன்தொட்டி ஸ்டாண்டில் பளபளத்த பெயின்ட்

என் கணவர் ஒரகடம் கார் கம்பெனியில் பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கிறார். மணிமங்கலத்தில் பழைய மீன்தொட்டி வாங்கப் போனபோது, அதன் இரும்பு ஸ்டாண்டைத் தடவி, “ஃபினிஷிங் சூப்பரா கீது” என்று மயங்கிவிட்டார். வீட்டில் தொட்டிக் கண்ணாடிகளை ஒட்டியிருந்த பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார். ஸ்டாண்டைத் தொடவேயில்லை.

தண்ணீர் நிரப்பியதும் ஸ்டாண்டின் ஒரு கால் மடங்கி, தொட்டி விழுந்து நொறுங்கியது. அங்கே விளையாடிய மகளை அப்போதுதான் சோறூட்டத் தூக்கியிருந்தேன்.

மடங்கிய கால் முழுக்கத் துரு. ஓட்டைகளைப் பெயின்டர்கள் பூசும் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தான் விற்றவன். போன் செய்தால், “உங்க வூட்டுக்காரர்தானேம்மா தடவிப் பார்த்து வாங்கினாரு?” என்கிறான்.

“உன் புள்ளைய அதுங்கிட்ட உட்கார வெப்பியாடா?” என்றேன். கட் பண்ணிவிட்டான்.

இப்போதெல்லாம் பழைய இரும்புச் சாமான் எதுவானாலும், விற்பவர் கண்ணெதிரே பெயின்ட்டைச் சாவியால் சுரண்டுகிறேன். பதறினால் வாங்குவதில்லை. கணவரை வண்டியை விட்டு இறங்கவே விடுவதில்லை.