யானெக்கின் கறுத்த கோடரி

பழப்புளி போட்டுத் தேய்த்த பித்தளைக்கு ஒரு வாடை உண்டு. நாக்கின் அடி கூசும். நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட்டில் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த யானெக் என்ற போலந்துக் கிழவரை நினைத்தால் எனக்கு அந்த வாடைதான் முதலில் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருடைய கூடத்துச் சுவர் முழுக்கக் கோடரிகள். அவர் ஊர் மலைகளில் ஆடு மேய்ப்பவர்கள் ஊன்றி நடக்கும் கோடரித் தடியாம், பெயர் "சியுபாகா". நீண்ட பிடியில் பூவும் நட்சத்திரமும் செதுக்கி, உச்சியில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பித்தளைத் தலை வைத்திருக்கும். பழம்பொருள் சேர்ப்பவர்கள் வந்து விலை கேட்டால் பளபளப்பானவற்றைக் கொடுப்பார்; கறுத்துக்கிடந்த ஒன்றை மட்டும் தொடவும் விடமாட்டார். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை, கேட்டிருக்கலாம்.

ஒரு குளிர்காலத்தில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வீட்டுத் திறப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அகதியாக வந்திறங்கிய எங்களுக்குக் கட்டிலும் கம்பளியும் தந்த மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அம்மா வீட்டையெல்லாம் கூட்டிக் கழுவினார். பிறகு அந்தக் கறுத்த கோடரியைக் கழற்றிப் புளியும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தார், பிடியைச் சவர்க்காரத்தால் உரஞ்சினார்.

"பாவம், பொம்பிளையில்லாத வீடு. இப்பிடிக் களிம்பேற விட்டு வைச்சிருக்கிறார்" என்றார். கோடரி பொன்போல மின்னியது.

திரும்பி வந்தவர் சுவரிலிருந்து அதைக் கழற்றிக் கையில் எடுத்தார். அவருடைய தகப்பனைச் சிப்பாய்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனபோது கதவோரம் மிஞ்சியது அந்தக் கோடரிதான், அந்தக் கறுப்பு தகப்பன் கை பட்டுப் பட்டு ஏறியது, தகப்பனென்று தனக்கு இருந்தது அவ்வளவுதான் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அம்மா கோடரியை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அவருக்குச் சொல்லு பிள்ளை. உன்ர அண்ணாவை ஆமி கொண்டுபோன அண்டைக்கு, வந்து போடுவான் எண்டு அவன்ர சட்டையை நான் தோய்ச்சுப் போட்டன். பிறகு மணந்து பார்க்கவும் ஒண்டுமில்லை."

சட்டையைத் தோய்த்த கதை எனக்கே அதுவரை தெரியாது. சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், பரவாயில்லை என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? பிறகு வேலிக்கு மேலால் தலையசைப்பு மட்டும்தான்.

சில வருடங்களில் அவர் இறந்துபோனார். வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள், கோடரிகளை யாரோ மொத்தமாக வாங்கிப் போனார்களாம். போன வருடம் அம்மா முதியோர் இல்லத்தில் இறந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, அவர் கடைசியாகப் போட்டிருந்த கம்பளிச் சட்டையைத் தோய்த்து, உலர்த்தி, அழகாக மடித்து ஒரு தாதிப் பிள்ளை என் கையில் தந்தாள். சவர்க்காரம் மட்டும் மணந்தது. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.